பொருந்திவிட்ட கேபிள்

ஏனுங்க,

முன்னறையில் அந்த வாசனை இன்னும் போகவில்லை. ஞாயிற்றுக்கிழமை நடந்தது, இன்று வெள்ளி. ஜன்னலைத் திறந்துவைத்துப் பார்த்துவிட்டேன், திரைச்சீலையைக் கழற்றித் துவைத்தும் போட்டுவிட்டேன். கம்பெனியில் மோட்டாரின் கம்பிச் சுருள் புகைந்துபோன அன்றைக்கு உங்கள் சட்டையில் இதே வாசனைதான் வரும். மூக்கைப் பிடித்துக்கொண்டு, குளித்துவிட்டு வந்தால்தான் சோறு என்று விரட்டுவேன். இந்த முறை புகைய வைத்தது நான். இதை உங்களிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்வது?

நம் பழைய கம்ப்யூட்டர் நீங்கள் போன கொஞ்ச நாளிலேயே நின்றுவிட்டது. மதர்போர்டு போய்விட்டது, ஹார்டு டிஸ்க் மட்டும் நன்றாக இருக்கிறது என்றார்கள். எனக்கு அது போதும். நாம் இரண்டு பேரும் அந்த லாரி ஓட்டும் விளையாட்டு விளையாடும்போது பேசியதெல்லாம் பதிவாகி அதற்குள்தான் இருந்தது. வேறெங்கும் உங்கள் குரல் இல்லை. போனில் பேசி அனுப்புகிற ஆளா நீங்கள்? 'சரி', 'வாரேன்' என்று எழுதிப்போட்டால் உங்கள் வேலை முடிந்தது. கல்யாண வீடியோவில் நீங்கள் வாயைத் திறக்கும்போதெல்லாம் மேளச் சத்தம்.

பம்புசெட் கம்பெனியில் நாள் முழுக்க மோட்டாரைச் சோதித்துவிட்டு வந்து, நாற்பது வயதில் பொம்மை லாரி ஓட்டுகிறாரே என்று நான் செய்த கேலி கொஞ்சமா? அப்புறம் நானே பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து வழி சொல்ல ஆரம்பித்தேன். நீங்கள் ரெக்கார்டு செய்ய ஆரம்பித்ததே அதனால்தான். தப்பான வழியைச் சொல்லிவிட்டு, நான் சொல்லவே இல்லை என்று சாதிப்பேனாம், அதற்குச் சாட்சி வேண்டுமாம். சண்டைக்காகச் சேர்த்துவைத்த சாட்சி, கடைசியில் எனக்குச் சொத்தாக மிஞ்சியது.

பழைய கம்ப்யூட்டரில் லாரி திணறித் திணறி ஓட ஆரம்பித்ததும், புதிதாக ஒரு கம்ப்யூட்டர் நாமே பூட்டலாம் என்று லிஸ்ட் போட உட்கார்ந்தீர்கள். எல்லாரும் கிராபிக்ஸ் கார்டிலிருந்து ஆரம்பிப்பார்கள், உங்கள் லிஸ்ட்டில் முதல் வரியே பவர் சப்ளை. கரண்ட் சரியாக இல்லாத வீட்டில் மற்றதெல்லாம் எதற்கு என்றீர்கள். கேபினெட்டுக்குள் கார்டு அடங்குமா என்று என் தையல் டேப்பை எடுத்து அட்டைப்பெட்டியில் அளந்து பார்த்தீர்கள். ஆடிக்காற்றுத் தூசிக்கு முன்பக்கம் வலை வேண்டும் என்றீர்கள். கலர் விளக்கு வைத்த கேபினெட் எனக்குப் பிடித்திருந்தது. "இதென்ன, நோம்பிக்குப் போடற சீரியல் செட்டா?" என்று கேட்டு அதை லிஸ்ட்டிலிருந்து அடித்துவிட்டீர்கள்.

லிஸ்ட் முடிந்த வாரமே, வேலை இடத்தில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தீர்கள். எழுந்திருக்கவில்லை.

லிஸ்ட்டைப் பிரித்துப் பார்க்கவே எனக்கு இரண்டு வருடம் ஆனது. காந்திபுரத்துக் கடைக்கு எடுத்துப் போனேன். கடைக்காரர் பொறுமையாகப் படித்துவிட்டு, இதில் பாதிச் சாமான் இப்போது வருவதில்லை என்றார். எதற்காகக் கேட்கிறேன் என்று தெரிந்ததும் அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "அதுக்கு எதுக்குங்க்கா புதுக் கம்ப்யூட்டரு? டிஸ்க்கைக் கொண்டாங்க, இங்கயே மாட்டி அஞ்சு நிமிசத்துல காப்பி எடுத்துத் தாரனுங்க."

நான் வேண்டாம் என்றேன். கடை நிறைய ஆள். அத்தனை பேர் நடுவில் உங்கள் குரல் கேட்பதை என்னால் நினைத்துப் பார்க்க முடியவில்லை. இதைவிடப் பெரிய வீம்பு ஒன்றும் இருந்தது. நீங்கள் தேர்ந்தெடுத்த கம்ப்யூட்டரில்தான் உங்கள் குரலை முதலில் கேட்பேன் என்று மனதுக்குள் முடிவு செய்துவிட்டேன். ஐந்து நிமிடம், ஏனுங்க. அந்த ஐந்து நிமிடத்தை நான் கொடுக்கவில்லை.

பிறகு தினமும் ஆர்.எஸ்.புரத்து ரத்தப் பரிசோதனை லேபில் வேலை முடிந்து வந்து, நோட்டும் கையுமாக உட்கார்ந்தேன். நீங்கள் எழுதிய பிராசசர் இல்லை, அதற்குப் பதில் வருவது நீங்கள் எழுதிய போர்டில் உட்காராது. போர்டை மாற்றினால் ராம் மாறுகிறது. ஒன்றைத் தொட்டால் மூன்று கழன்றது. எதைச் சேர்த்தாலும் இதற்கு நீங்கள் என்ன சொல்லியிருப்பீர்கள் என்று யோசித்து, தெரியாமல், அழித்தேன். முதல் வரி மட்டும் தப்பித்தது. நம் பழைய பவர் சப்ளையைச் செய்த அதே கம்பெனியின் புது மாடல் கிடைத்தது. மற்றதையெல்லாம் கடைக்காரரிடம் கேட்டுக் கேட்டு மாற்றி வாங்கினேன்.

ஞாயிறு காலை ஒவ்வொரு திருகாக நானே பூட்டினேன். டிஸ்க்கை வைக்கும் தட்டு கேபினெட்டின் அடியில் இருந்தது. புதுப் பெட்டியில் வந்த பவர் கேபிள் அதுவரை எட்டவில்லை. பழைய பவர் சப்ளையின் கேபிள் நீளமாக இருந்தது. அதே கம்பெனி, அதே வடிவம். செருகினேன், அழகாக உட்கார்ந்தது. லேபில் மேலே ஒட்டிய பெயரை இரண்டு தடவை படிக்காமல் ரத்தம் எடுத்த ஒரு டியூபைத் தொடமாட்டேன். வீட்டில் எனக்கு என்ன வந்தது?

முன்பு ஒருமுறை வேறெதற்கோ வந்த அடாப்டரை மோடத்தில் செருகப் போனேன். கையைப் பிடித்துக்கொண்டு, "உள்ள போயிருச்சுங்கறதுக்காகச் சரியாயிருமா, அம்மணி? அந்தப் பக்கம் என்ன கரண்ட் வருதுன்னு பாக்க வேண்டாமா?" என்றீர்கள். அது எனக்கு ஞாயிற்றுக்கிழமை நினைவுக்கு வந்தது, சுவிட்சைப் போட்ட பிறகு.

சின்னதாக ஒரு சத்தம். டிஸ்க்கின் அடியிலிருந்து நூல் மாதிரி புகை. பிடுங்கிப்போட்டேன். டிஸ்க்கைக் கழற்றிவிட்டு மறுபடி போட்டால், கம்ப்யூட்டர் ஒரு குறையும் இல்லாமல் ஓடுகிறது. நீங்கள் சொன்னதெல்லாம் சரி. நான் செய்த ஒன்றுதான் தப்பு, அது உங்கள் குரலில் போய் விழுந்தது. தரையில் உட்கார்ந்து தலையில் அடித்துக்கொண்டு அழுதேன்.

திங்கட்கிழமை கடைக்காரர் இரண்டு கேபிளையும் பக்கத்தில் வைத்துக் காட்டினார். முனை ஒரே மாதிரிதான், உள்ளே ஒயர் வரிசை மாடலுக்கு மாடல் வேறாம், டிஸ்க்குக்குப் போகக்கூடாத கரண்ட் போயிருக்கிறதாம். "ஊட்டுக்காரரு இருந்திருந்தா சொல்லியிருப்பாருங்க்கா" என்றார். ஆறுதலாகத்தான் சொன்னார், எனக்கு அறைந்த மாதிரி இருந்தது. அழிந்ததை மீட்டெடுக்கும் ஒருவரிடம் டிஸ்க்கை அனுப்பினார். இன்று மத்தியானம் பதில் வந்துவிட்டது. உள்ளேயும் கருகிவிட்டதாம், எதுவும் எடுக்க முடியாதாம்.

அப்போதிலிருந்து உங்கள் கம்ப்யூட்டர் முன்னால்தான் உட்கார்ந்திருக்கிறேன். எனக்குப் பயமாக இருக்கிறது. நீங்கள் பேசிய வார்த்தைகள் நினைவிருக்கின்றன, குரல் தேய்ந்துகொண்டே போகிறது. வார்த்தைகளையாவது விடக்கூடாது என்று மைக்கைப் போட்டு, நீங்கள் சொன்னதையெல்லாம் என் வாயால் சொல்லிப் பதிவு செய்ய ஆரம்பித்திருக்கிறேன். நான் இடது என்று சொல்ல, நீங்கள் திருப்ப, லாரி ரோட்டை விட்டு இறங்கியதே, அதுதான் முதலில். "போச்சு அம்மணி, சோளக்காட்டுக்குள்ள உட்டுப்போட்டோம்" என்று சொன்னேன். உங்கள் இழுவைகூட ஓரளவு வந்தது.

அதற்கப்புறம் நீங்கள் சிரித்தீர்கள். அது எனக்கு வரவில்லை. எவ்வளவு நேரம் சிரித்தீர்கள் என்பது மட்டும் தெரியும். அவ்வளவு நேரமும் மைக்கை அணைக்காமல் சும்மா உட்கார்ந்திருந்தேன்.