மணலுக்கு வாரேன்

முதுகுளத்தூர்,
டிசம்பர் 12.

அன்பு மகள் யுவராணிக்கு,

அம்மா எழுதுகிறேன். இங்கே நானும், ஆடுகளும், மிளகாய்ச் செடிகளும் நலம். நீ அங்கே மஸ்கட்டில் நேரத்துக்குச் சாப்பிட்டு, டூட்டி முடிந்ததும் போனை நோண்டாமல் தூங்குகிறாய் என்று நம்புகிறேன்.

கையில் போன் இருக்கும்போது எதற்குக் கடிதம் என்று கேட்பாய். போன மாதம் நாம் பேசிய லட்சணம் உனக்கே தெரியும். நீ சொன்னதைக் கேட்டதும் நான் பட்டென்று கட் பண்ணிவிட்டேன். அதற்குப் பிறகு இந்தப் பதினெட்டு நாளும் 'சாப்பிட்டியா', 'சாப்பிட்டேன்' என்பதோடு நம் பேச்சு முடிந்துவிடுகிறது. எனக்குச் சொல்ல வேண்டியது நிறைய இருக்கிறது. சொல்லும்போது நீ குறுக்கே பேசக் கூடாது, நானும் பாதியில் கட் பண்ணக் கூடாது. அதனால்தான் எழுதுகிறேன். உன் சிநேகிதி சுஹா லீவு முடிந்து ஞாயிற்றுக்கிழமை கீழக்கரையிலிருந்து கிளம்புகிறாள். அவள் கையில் கொடுத்து அனுப்புகிறேன். கூடவே முண்டு மிளகாய்ப் பொடியும், வெயிலில் நன்றாகக் காய்ந்த உப்புக்கண்டமும் வைத்திருக்கிறேன்.

நீ செய்தது தப்பு என்று முதலில் சொல்லிவிடுகிறேன். ஜனவரியில் மஸ்கட்டுக்கு வா, கடலைப் பார்க்கலாம், கடைவீதி பார்க்கலாம் என்றுதான் என்னை பாஸ்போர்ட் எடுக்க வைத்தாய். விசா வந்து, டிக்கெட்டும் போட்ட பிறகு, 'அம்மா, அதுல ரெண்டு நாள் நாம பாலைவனத்துல கூடாரம் அடிச்சுத் தங்கப் போறோம், அய்யா வேலை பார்த்த இடத்துக்குப் போறோம்' என்றாய். பதினெட்டு வருடமாக அந்த மணலைப் பற்றி நான் வாயே திறந்ததில்லை. உன்னைப் பெற்ற அய்யா அங்கே இறந்தார் என்பதற்கு மேல் உனக்கும் எதுவும் சொன்னதில்லை. அது தெரிந்தும் இப்படி ஒரு ஏற்பாடு செய்தாயே என்று அன்று வந்த கோபத்தில்தான் கட் பண்ணினேன்.

கட் பண்ணினேனே தவிர, நீ அனுப்பிய திட்டத்தை ஐந்தாறு தடவை படித்துவிட்டேன். சுஹா வீட்டுக்காரர் சஃபீருடைய வண்டி ஒன்று, அவர் சிநேகிதர் வண்டி ஒன்று, ஆக இரண்டு வண்டி. கூடாரம் மூன்று. தண்ணீர் எண்பது லிட்டர். டயருக்குக் காற்றடிக்கும் பம்பு, மண்வெட்டி, கயிறு, கரி, மசாலா தடவிய கோழி. எல்லாம் சரி. ஆனால் பாத்ரூமுக்கு என்ன ஏற்பாடு என்று எங்கேயும் காணோம். பட்டியல் போட்டது சஃபீராகத்தான் இருக்கும். நாங்கள் கண்மாய்க்கரைக்குப் போய் வளர்ந்தவர்கள்தான், ஆனால் இங்கே கருவேலம் புதர் மறைப்பு இருக்கும். உங்கள் ஊர் மணலில் ஒரு செடியாவது உண்டா? அதற்கென்று தனியாக ஒரு சின்னக் கூடாரம் இருந்தால் நல்லது. வாய்விட்டுச் சொல்ல உனக்குக் கூச்சமாக இருந்தால் நான் சொன்னதாகச் சொல்.

தூங்கும் பை என்று ஒன்று போட்டிருக்கிறாய். உள்ளே புகுந்து கழுத்து வரை ஜிப் போட்டுக்கொள்ள வேண்டுமாம். எனக்கு அது வேண்டாம். என் கம்பளியே போதும். பாலைவனத்தில் மார்கழிக் குளிர் இங்கே இருப்பதைவிட அதிகம் என்று சொன்னால் வெள்ளையம்மாள் மதினி நம்பவே இல்லை. "அங்கன வெயிலுதான கொல்லும், குளிருமா கொல்லும்?" என்றாள். சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவளுக்கு உறைத்தது. அதற்காக அன்றைக்கு முழுக்க என் ஆடுகளையும் சேர்த்து மேய்த்துக் கொடுத்தாள்.

இனி அந்தப் பதினெட்டு நாளில் நான் என்ன செய்தேன் என்று சொல்கிறேன்.

போன வாரம் ராமேஸ்வரம் போனேன். சாமி கும்பிட மட்டும் இல்லை. வெள்ளையம்மாள் மதினிக்குத் தம்பி முறையாகும் அய்யப்பன், தனுஷ்கோடிக்குத் தார் ரோடு வருவதற்கு முன்னால், மணலில் வேன் ஓட்டி ஜனங்களைக் கூட்டிப் போய் வந்தவர். இருபது வருடம் அதுதான் அவருக்குப் பிழைப்பு. இப்போது ஆட்டோ ஓட்டுகிறார். பழைய வேன் இன்னும் வீட்டுப் பின்னால் நிற்கிறது. என்னை ஒரு தடவை மணலில் கூட்டிப் போக முடியுமா என்று கேட்டேன். எதற்கு என்றார். மணலில் வண்டி போகும்போது என் நெஞ்சு என்ன பாடு படுகிறது என்று எனக்குத் தெரிய வேண்டும் என்றேன். அந்த மனிதர் உள்ளே போய் வேன் சாவியை எடுத்து வந்தார்.

ரோட்டை விட்டு இறங்கும் முன் நாலு டயரிலும் காற்றை இறக்கினார். "ஒட்டகத்துக் காலு பாத்திருக்கீங்களாக்கா, அது மாதிரி டயரு அகலமாப் பரவணும். காத்து நெறையா இருந்தா மணலைக் குத்திக்கிட்டு உள்ள போயிரும்" என்றார். பிறகு வண்டி மணலில் இறங்கியது. படகு மாதிரி ஒரு ஆட்டம். கொஞ்ச தூரம் போனதும் ஒரு மேட்டில் வண்டி ஒரு பக்கமாகச் சாய்ந்தது. நான் கம்பியைப் பிடித்துக்கொண்டு, கண்ணை மூடி, "நிறுத்துப்பா, நிறுத்து" என்று கத்திவிட்டேன். அவர் நிறுத்தினார். நிறுத்தியதால் சக்கரம் பாதி புதைந்து போனது.

"மணல்ல நடுவுல நிக்கவே கூடாதுக்கா. இப்பப் பாருங்க" என்று தலையில் கை வைத்தார். எனக்கு அவமானமாகிவிட்டது. சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு இறங்கி, கையாலேயே மணலை வாரிப் போட ஆரம்பித்தேன். கரிசல் சகதியில் எத்தனை தடவை டிராக்டர் மாட்டி, எத்தனை தடவை நான் தோண்டி எடுத்திருக்கிறேன்! சகதியாவது ஒட்டிக்கொண்டு அடம்பிடிக்கும். மணல் ஒட்டாது, ஆனால் வார வாரத் திரும்பி வந்து நிறையும். முன்சக்கரத்துக்கு முன்னால் இரண்டு பலகையைக் கொடுத்து, அரை மணி நேரத்தில் வண்டியை எடுத்துவிட்டோம். உடம்பெல்லாம் மணல். அய்யப்பன் என்னைப் பார்த்துச் சிரித்தார். எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. இன்னொரு சுற்று போகலாம் என்று நானே சொன்னேன். இந்தத் தடவை கண்ணை மூடவில்லை.

மறுபடி அதே மேடு வந்தபோது அவர் நேராக ஏறி நேராக இறங்கினார். ஏன் முதலில் சாய்ந்தது என்று கேட்டேன். முதல் தடவை தான் குறுக்கே ஓட்டிவிட்டதாகவும், மேட்டில் ஒருபோதும் குறுக்கே போகக் கூடாது, பாரம் இருந்தால் உருண்டுவிடும் என்றும் சொன்னார்.

பாரம் என்றதும் எனக்கு உன் அய்யா அங்கே ஓட்டிய தண்ணீர் லாரி ஞாபகம் வந்தது. லாரி கவிழ்ந்து இறந்தார் என்று மட்டும்தான் எனக்குத் தெரியும். எப்படி, எங்கே, யார் பக்கத்தில் இருந்தார்கள் என்று யாரிடமும் நான் கேட்டதில்லை. கேட்க வேண்டிய ஆள் நம் ஊரிலிருந்து ஐம்பது கிலோமீட்டர் தூரத்துக்குள்தான் இருந்தார். மறுநாளே கீழக்கரைக்கு, சுஹாவின் வாப்பா வாவு முகம்மது அண்ணன் வீட்டுக்குப் போனேன்.

உன் அய்யாவின் உடல் இருந்த பெட்டியோடு ஊருக்கு வந்தவர் அவர்தான். அன்றைக்கு அவரைப் பார்த்து நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். கூட வேலை பார்த்தவர் உயிரோடு வந்து நிற்கிறாரே என்று இருந்தது. அதற்குப் பிறகு நீயும் சுஹாவும் ஒன்றாகப் படித்து, ஒன்றாக வேலைக்குப் போய், அக்கா தங்கச்சி மாதிரி ஆகிவிட்டீர்கள். நான் மட்டும் அந்த வீட்டு வாசலை மிதிக்கவில்லை. அவர் கதவைத் திறந்து என்னைப் பார்த்ததும், "நீங்க என்னைக்காவது வந்து கேப்பீங்கன்னு பதினெட்டு வருசமா இருக்கேன் தங்கச்சி" என்றார்.

இதற்கு முன் உனக்கு ஒன்று சொல்ல வேண்டும் யுவா. இதை யாரிடமும் நான் சொன்னதில்லை. உனக்கு அப்போது ஏழு வயது. அய்யா வந்ததும் காது குத்தலாம் என்று இரண்டு தடவை தள்ளிப் போட்டோம். மூன்றாவது தடவையும் லீவு இல்லை என்று போனில் சொன்னார். பஸ் ஸ்டாண்டு பக்கத்து பூத்தில் அத்தனை பேர் நிற்க, "அப்ப அந்த மணல்லயே கெடங்க. எங்களுக்கு நீங்க வேண்டாம்" என்று கத்திவிட்டு வைத்துவிட்டேன். அதுதான் நான் அவரிடம் கடைசியாகப் பேசியது. ஒன்பதாம் நாள் சேதி வந்தது.

நீ பாலைவனம் என்று சொன்னதும் நான் ஏன் கட் பண்ணினேன் என்று இப்போது புரிந்திருக்கும்.

வாவு முகம்மது அண்ணனிடம் இதைச் சொன்னேன். அவருக்குத் தெரிந்திருந்தது. அன்றைக்கே உன் அய்யா அவரிடம் போய்ச் சொல்லியிருக்கிறார். "'அவ கத்துனதுல தப்பே இல்லண்ணே, பிள்ளைய மூணு தடவை ஏமாத்திட்டேன்'னு சொன்னான் தங்கச்சி. எனக்கு அடுத்த மாசம் லீவு இருந்துச்சு. 'நீ போடா, நான் அப்புறமாப் போய்க்கிறேன்'னு அவனுக்கு மாத்திக் கொடுத்தேன். டிக்கெட் கைக்கு வந்ததும்தான் வீட்டுல சொல்லுவேன்னான்" என்றார். பிறகு, "அந்த லீவுலதான் நான் அவன் பெட்டியோட வந்தேன்" என்றார்.

நான் முகத்தைத் திருப்பிக்கொண்டது அந்த மனிதரிடம், யுவா.

மிச்சத்தையும் கேட்டேன். ரோடு போடும் இடத்தில் பதினோரு பேர் தண்ணீர் இல்லாமல் இருந்திருக்கிறார்கள். இரண்டு வண்டியாகத்தான் போக வேண்டும். அண்ணன் ஓட்ட வேண்டிய வண்டியில் கிளட்ச் போய்விட்டது. நான் முன்னால் போகிறேன், நீங்கள் சரி செய்துகொண்டு வாருங்கள் என்று உன் அய்யா கிளம்பியிருக்கிறார். இரண்டு மணி நேரம் கழித்து இவர் போனபோது வண்டி மேட்டுக்குக் கீழே கவிழ்ந்து கிடந்திருக்கிறது. கஷ்டப்பட்டாரா என்று கேட்டேன். "நான் பூசி மெழுகிச் சொல்ல மாட்டேன். ஸ்டியரிங் நெஞ்சுல அடிச்சிருந்துச்சு. உடனே போயிருக்கும்னு டாக்டர் சொன்னாரு. நான் தொட்டப்ப உடம்புல சூடு இருந்துச்சு தங்கச்சி. அது அவன் சூடா, வெயில் சூடான்னு எனக்கு இன்னைக்கு வரைக்கும் தெரியல" என்றார். பின்னால் வந்த வேறொரு வண்டியில் அந்தப் பதினோரு பேருக்கும் தண்ணீர் போய்ச் சேர்ந்தது. போலீஸ் வரும் வரை, சாயங்காலம் வரைக்கும், இவர் தன் கைலியை விரித்துப் பிடித்து உன் அய்யா முகத்துக்கு நிழல் கொடுத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாராம்.

அவர் வீட்டம்மா கொடுத்த தொதல் இனிப்பும் டீயும் அப்படியே இருந்தன. பிறகு டீயைச் சூடு பண்ணித் தரச் சொல்லி வாங்கிக் குடித்தேன். அந்த வீட்டில் நான் கேட்டு வாங்கிய முதல் பொருள் அதுதான்.

ஆக, நான் வருகிறேன். கடலும் கடைவீதியும் இருக்கட்டும், மணலுக்கும் வருகிறேன். ஆனால் உன் திட்டத்தில் ஒரு மாற்றம். வாவு முகம்மது அண்ணனும் நம்மோடு வர வேண்டும். இடம் எது என்று மேப்பில் நீ தேடிக் கண்டுபிடித்திருப்பாய், ஆனால் அந்த மேட்டைக் கண்ணால் பார்த்தவர் அவர் ஒருவர்தான். முழங்கால் வலியைக் காரணம் சொல்லி சுஹா வேண்டாம் என்கிறாளாம். முன் சீட்டை அவருக்குக் கொடுத்துவிடுங்கள், நான் பின்னால் உட்காருகிறேன். "கூப்பிட்டா வாரேன்" என்று சின்னப்பிள்ளை மாதிரி சொன்னார். நீயே போன் பண்ணிக் கூப்பிடு.

சஃபீர் தம்பியிடம் என் சார்பாகச் சொல்: இரண்டு வண்டியில் ஒன்று பழுதானால் அன்றைக்குப் பயணமே கிடையாது, எவ்வளவு செலவு பண்ணியிருந்தாலும் சரி. மேட்டில் நேராக ஏறி நேராக இறங்க வேண்டும். வண்டி மாட்டிக்கொண்டால் ஆம்பளைகள் யாரும் பதற வேண்டாம், நான் தோண்டுவேன்.

வயல் இந்த வருடம் பரவாயில்லை. தை பிறந்ததும் அறுப்பு. அதற்குள் நான் திரும்பிவிடுவேன். களையெடுப்பு முடிந்துவிட்டது. ஆடுகளை வெள்ளையம்மாள் மதினி பார்த்துக்கொள்கிறாள். அந்தக் கறுப்பு ஆடு எந்த நேரமும் குட்டி போடும். பெட்டைக்குட்டி என்றால் அதற்குப் பேர் வைக்கும் உரிமை தனக்குத்தான் என்று இப்போதே சொல்லிவிட்டாள்.

உன்னிடம் ஒன்றே ஒன்று கேட்கிறேன் தாயி. அந்த இடத்துக்குப் போய்ச் சேர்ந்ததும் எல்லோரையும் கூடாரம் அடிக்கிற வேலையில் கொஞ்ச நேரம் பிடித்து வை. நான் தனியாகக் கொஞ்ச தூரம் நடந்து போவேன். கண்ணுக்கு எட்டும் தூரம்தான், பயப்படாதே. அம்மா அழுகிறாள் என்று பின்னாலேயே ஓடி வராதே. நான் சத்தமாகப் பேசுவது காதில் விழுந்தாலும் கேட்காத மாதிரி இரு. எவ்வளவு நேரமானாலும் கூப்பிடாதே. பேசி முடித்ததும் நானே வந்து உங்களுக்கெல்லாம் அடுப்பு மூட்டுகிறேன்.

நீ எந்தக் குறையும் இல்லாமல் நூறு வருடம் நன்றாக இருக்க வேண்டும். என்னைக் கூப்பிட்டாயே, அதற்காகவே நன்றாக இருப்பாய்.

உன் வரவை எதிர்பார்த்த காலம் போய், உன்னிடம் வரக் காத்திருக்கும்
அம்மா,
முருகலட்சுமி குருநாதன்.