சல்லிக் கரையில் ஒரு வெள்ளை வேட்டி

என்னைப் பெற்ற அன்பான ஐயாவுக்கு,

அம்மாவும் தம்பியும் நித்திரை. விளக்குக் கொளுத்தக் கூடாது என்பதால், கூடாரத்து வாசலில் நிலவு விழும் இடத்தில் இருந்து எழுதுகிறேன். ஏதாவது சத்தம் கேட்டால் கை தானாக நின்றுவிடுகிறது. எழுத்துக் கோணலாக இருந்தால் ஏசாதீர்கள்.

நாங்கள் இன்னும் சல்லிக் கரையில்தான் இருக்கிறோம். கோயில் திருவிழாவுக்கு வரும்போதெல்லாம் நீங்கள் கூடாரம் போடுவீர்களே, அதே இடம். நான்கு கம்பு நட்டு, பழைய வேட்டிகளை ஒன்றோடொன்று மூட்டி மேலே இழுத்துக் கட்டுவீர்கள். "சனத்துக்குள்ள துலைஞ்சு போனால் அழக்கூடாது. வெள்ளையைப் பாத்து வா, அங்க நான் இருப்பன்" என்பீர்கள். ஒருமுறை நான் உண்மையாகவே தொலைந்து, வெள்ளையைப் பார்த்து அழுதுகொண்டு ஓடி வந்தேன். நீங்கள் கஞ்சி காய்ச்சிக்கொண்டிருந்தீர்கள். நான் தொலைந்ததே உங்களுக்குத் தெரியாது!

இந்த முறை திருவிழாவுக்கு வரவில்லை. யப்பான்காரன் குண்டு போடப் போகிறான் என்ற கதை எங்கள் வீடிருக்கும் ஓர்ஸ் ஹில் முழுக்கப் பரவியதும் எங்களை மாட்டு வண்டியில் ஏற்றினீர்கள். துறைமுகக் கந்தோர் வேலையை விட்டு உடனே வர ஏலாது என்றீர்கள். நான் அழுதபோது ஐந்து வேட்டியை மடித்து என் மடியில் வைத்தீர்கள். "என்ர உடுப்பு உன்னட்டை இருக்கு. பிறகு நான் வராமல் எங்க போறது?"

அதை நம்பித்தான் போனேன். மறுநாள் காலையில் துறைமுகப் பக்கம் கரும்புகை எழுந்தது. உங்களோடு வேலை செய்தவர் சைக்கிளில் வந்து சொன்னார். முகத்தைப் பார்க்கக்கூட எங்களை விடவில்லை. ஐயா, நோகாமல் போனீர்களா?

நான்கு வேட்டியைக் கூரைக்குத் தைத்தோம். வெள்ளை மேலிருந்து பிளேன்காரனுக்குத் தெரியும் என்று சின்னத்தம்பி மாமா சொன்னார். எங்களுக்கு இந்தக் கரையில் இடம் தந்த மீன்பிடிகாரர் அவர்தான். வலைக்குச் சாயம் போட மரப்பட்டை அவிக்கும் கிடாரத்தில் கூரையை முக்கித் தந்தார். இப்போது அது காய்ந்த சருகு நிறம்.

ஐந்தாவதை நான் கொடுக்கவில்லை. தொலைந்துவிட்டது என்று அம்மாவிடம் பொய் சொன்னேன். நீங்கள் மடித்த மடிப்புக் குலையாமல் அது என் பள்ளிக்கூடப் பைக்குள் இருந்தது. தம்பி படுக்கும் பக்கம் மட்டும் கூரை இல்லை. "அக்கா, எனக்கு மட்டும் ஏன் வெயில்?" என்று கேட்பான். நான் வேறு கதை கதைப்பேன்.

இன்று மத்தியானம் பையைத் திறந்தால் வேட்டி உப்புக்காற்றில் ஈரித்திருந்தது. அம்மா கிணற்றடியில். எடுத்துக் கூரைமேல் விரித்தேன். காய்வதற்கு மட்டுமல்ல, ஐயா. தூரத்திலிருந்து நீங்கள் காணவேண்டும் என்றும் நினைத்தேன்.

அப்போது பிளேன் சத்தம். எல்லோரும் தாழம் பற்றைக்குள் ஓடினோம். கூரைமேல் வெள்ளை பளீரென்று கிடந்தது. மாமா மட்டும் வெட்டவெளி மணலில் திரும்பி ஓடி, அதை இழுத்து, அதன்மேல் குப்புற விழுந்து கிடந்தார். பிளேன் அவர் தலைக்கு மேலால் போனது. வெள்ளைக்காரருடைய பிளேனாம். அது அந்த நேரம் யாருக்குத் தெரியும்?

மாமி ஓடி வந்து கத்தினார். "உந்தத் துண்டுக்காக என்ர மனுசனையும் விடவோ, பிள்ளை?"

"கத்தாதை. மணல் சுட்டு வயிறு வெந்து போச்சு. முதல்ல தண்ணி கொண்டா" என்றார் மாமா. பிறகு வேட்டியை உதறி என்னிடமே நீட்டினார். "ஐயாவின்ரயோ?"

"ஓம்."

"கிடாரம் விடியக் கொதிக்கும். நீயாக் கொண்டு வந்தால் சரி. நான் கேக்க மாட்டன்."

அம்மா ஏசவில்லை. வேட்டிக் கரையைத் தடவிப் பார்த்துவிட்டு, "எனக்கும் ஒருக்கால் காட்டியிருக்கலாமே, பிள்ளை" என்றார். ஏசியிருந்தால் இவ்வளவு நொந்திருக்காது.

இப்போது அது என் மடியில் இருக்கிறது. மடிப்புக் குலைந்துவிட்டது. மணலும் மாமாவின் வியர்வையும்தான் மணக்கிறது. இதற்கும் சாயம் போட்டால் இந்தக் கரையில் ஒரு வெள்ளையும் இருக்காது. நீங்கள் எதைப் பார்த்து வருவீர்கள்?

ஆனாலும் விடிந்ததும் நானே கொண்டுபோய்க் கிடாரத்தில் போடுவேன். காய்ந்ததும் தம்பியின் தலைக்கு மேல் தைப்பேன். பிறகு ஒவ்வொரு நாளும் கஞ்சி நான்தான் காய்ச்சுவேன், ஐயா. வெள்ளையைத் தேடாதீர்கள். கஞ்சி மணக்கிற பக்கம் வாருங்கள், அங்கே நான் இருப்பேன்.

உங்கள் உடுப்பை வாங்கி வைத்திருக்கும் மூத்த மகள்,
இராசம்