ராஜாவின் அம்மா என்ன சொன்னாள்?

மார்ச் 4, செவ்வாய்

நூலக வாசிப்பு வட்டத்தில் இந்தப் பருவத்துக்கான தலைப்பு முடிவாகிவிட்டது: சரித்திரத்திலும் இலக்கியத்திலும் கணவன் விட்டுப்போன மனைவிகள். நூலகர் அறிவித்ததும், என்னைப் பார்த்துவிடக் கூடாது என்று எல்லோரும் பட்ட பாடு இருக்கிறதே. ஒருவர் மின்விசிறியைப் பார்த்தார், ஒருவர் தன் செருப்பையே பார்த்துக்கொண்டிருந்தார். நூலகர் மட்டும்தான் நிம்மதியாக இருந்தார். மாற்றலாகி வந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை, பாவம், அவருக்கு எதுவும் தெரியாது.

நானே போட்டு உடைத்துவிட்டேன். "எனக்குப் பாடம் வேண்டாம் மேடம், நேரா பரீட்சைக்கே உக்காந்துடுறேன்" என்றேன். எல்லோரும் மூச்சு விட்டார்கள். அத்தை — என்னை விட்டுப்போனவனைப் பெற்ற மாமியார் — பையிலிருந்து மிட்டாய் எடுத்து எல்லோருக்கும் நீட்டினார், எங்கள் வீட்டில் ஏதோ விசேஷம் நடக்கிற மாதிரி.

மார்ச் 5

நான் வேலை செய்யும், பல்செட் தயாரிக்கும் கூடத்துக்கே போன் செய்து நூலகர் மன்னிப்புக் கேட்டார். தலைப்பை மாற்றிவிடலாமா என்றார். "வேண்டவே வேண்டாம். எங்க வீட்ல ஒருத்தர் நேத்துலேர்ந்தே சண்டைக்குத் தயாரா இருக்காங்க" என்றேன்.

அவருக்குச் சொன்ன கதையை இங்கேயும் எழுதிவைக்கிறேன், பெரிதாக ஒன்றுமில்லை. வேலை என்று வேறு ஊருக்குப் போனான். கொஞ்ச மாதம் கழித்து போன் செய்து, இங்கே ஒருத்தியைப் பிடித்துவிட்டது, இனி வரமாட்டேன் என்றான். போன் ஸ்பீக்கரில் இருந்தது. அத்தை பட்டாணி உரித்துக்கொண்டிருந்தார். கடைசிப் பட்டாணி வரை உரித்து முடித்துவிட்டு, "நான் எங்க இருக்கட்டும்?" என்று கேட்டார். "இங்கதான்" என்றேன். அவ்வளவுதான் பேச்சுவார்த்தை. மூன்று வருடம் ஓடிவிட்டது.

முதலில் 'அவர்' என்றுதான் எழுதிக்கொண்டிருந்தேன். ஒருநாள் பேனா தானாகவே 'அவன்' என்று எழுதிவிட்டது. அடிக்கவில்லை.

மார்ச் 11, செவ்வாய்

முதல் கதை. காட்டில் தூங்கும் மனைவியின் துணியில் பாதியைக் கிழித்துக் கட்டிக்கொண்டு, அவளை அங்கேயே விட்டுப்போன ராஜா.

வட்டத்திலேயே மூத்தவரான ஓய்வு பெற்ற தபால்காரர் ராஜாவுக்காக வாதாடினார். கெட்ட காலம், புத்தி தன்வசம் இல்லை, அவள் தன்னோடு கஷ்டப்பட வேண்டாம் என்று நினைத்திருப்பான் என்றெல்லாம்.

"துணிய பாதியா கிழிக்கிற அளவுக்குப் புத்தி இருந்துச்சே" என்றார் அத்தை. "அது சரி, இவனப் பெத்தவ எங்க போனா? அவ என்ன சொன்னா?"

நூலகர் பக்கங்களைப் புரட்டினார். ராஜாவின் குதிரையைப் பற்றி இருக்கிறது, தேரோட்டியைப் பற்றி இருக்கிறது, ஒரு பாம்பு பேசுகிறது. அம்மா எங்கும் காணோம்.

"பாம்புக்கெல்லாம் வாய் குடுத்திருக்காங்க" என்று அத்தை கண்ணாடியைக் கழற்றி மடித்தார். வழக்கு முடிந்தது என்று அர்த்தம்.

மார்ச் 18, செவ்வாய்

இந்த வாரம் சரித்திரம். கப்பலேறிப் போனவர்கள், படையெடுத்துப் போனவர்கள், ஞானம் தேடிப் போனவர்கள். "கல்வெட்டுல எந்த ஊர ஜெயிச்சான்னு இருக்கும், வீட்ல யார விட்டுட்டுப் போனான்னு இருக்காது" என்றார் நூலகர். நல்ல பேச்சு. ஞானம் தேடிப் போனவர்களிடம் மட்டும் அத்தை கொஞ்சம் தயவு காட்டினார்: "அவங்களாவது இன்னொருத்தியத் தேடல."

தபால்காரர் இன்று கட்சி மாறிவிட்டார். வேலை பார்த்த காலத்தில் ஒரு அம்மாள் வாசலில் நின்று தினமும் கேட்பாராம், எனக்கு ஏதாவது இருக்கா என்று. ஒருநாள் அந்த வாசலில் தையல் மெஷின் வந்துவிட்டது. அதன்பிறகு, "சட்டைக்குப் பட்டன் போயிருக்கே, கழட்டிக் குடுங்க" என்றுதான் கேட்பாராம். "அப்புறம் அந்தம்மாவுக்கு நான் தபால்காரனே இல்ல, வாடிக்கைக்காரன்" என்றார். அதைச் சொல்லும்போது அவர் முகத்தில் ஒரு சின்னப் பெருமை.

மார்ச் 20

பால் பொங்கி வழிந்தது. அதற்கும் அத்தை ஒரு ராஜாவைத்தான் திட்டினார்.

மார்ச் 25, செவ்வாய்

பருவம் முடியும்போது காட்டுக் கதையை நாடகமாகப் போடுகிறோம். நூலகர் கதை சொல்வார், மற்றவர்கள் நடிக்க வேண்டும். ராணி வேடம் எனக்கு, யாரும் போட்டிக்கு வரவில்லை. ராஜாவாகத் தபால்காரரைக் கேட்டார்கள். "என் வீட்டுக்காரி முன்வரிசைல உக்காந்திருப்பா. பொண்டாட்டிய விட்டுட்டுப் போற மாதிரி நடிச்சாக்கூட வீட்ல சோறு கிடைக்காது" என்று கையெடுத்துக் கும்பிட்டார்.

"நான் நடிக்கிறேன்" என்றார் அத்தை.

எல்லோரும் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை.

ஏப்ரல் 2

நான் வீட்டுக்கு வந்தபோது அத்தை பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தார். திரும்பாமலே சொன்னார்: "என் பையன் போன் பண்ணான்."

கோபமாக இருந்தால் 'உன் புருஷன்' என்பார். இன்று 'என் பையன்'. அதிலேயே பாதி புரிந்துவிட்டது.

அந்தப் பெண் மாசமாக இருக்கிறாளாம். அடுத்த மாதம் பிரசவம். அவளுக்கு அம்மா இல்லை. "வாம்மா, வந்து எங்ககூடவே இருந்துடு" என்றிருக்கிறான்.

"நீங்க என்ன சொன்னீங்க?"

"பாத்திரம் கழுவிட்டு யோசிக்கிறேன்னேன்."

தட்டில் அழுக்கே இல்லை. கழுவிக்கொண்டே இருந்தார்.

ஏப்ரல் 3

இன்று ஒரு மேல் பல்செட்டில் இடது கோரைப்பல்லை வலப்பக்கமும் வலதை இடப்பக்கமும் மெழுகில் பதித்துவிட்டேன். முதலாளி எடுத்து வெளிச்சத்தில் பார்த்தார். "இந்த மனுஷன் சிரிச்சா எதிர்ல இருக்கறவன் ஓடிடுவான்மா" என்றார். திட்டவில்லை. அதுதான் தாங்கவில்லை.

வீட்டுக்கு வந்து நானே ஆரம்பித்தேன். போறதா இருந்தா போங்க, எதுக்கு என் மூஞ்சியப் பாத்துட்டு இருக்கீங்கன்னு கேட்டேன். "நான் இன்னும் ஒண்ணும் சொல்லலையே" என்றார். சொல்லலைன்னாதான் பயமா இருக்கு — அதை மட்டும் சொல்லவில்லை. பேரப்பிள்ளை வந்தா இங்க எதுக்கு இருப்பீங்க, நான் யாரு உங்களுக்குன்னு கத்திட்டேன். கத்தியிருக்க வேண்டாம். அவங்க எழுந்து போய்க் கொடியில இருந்த துணியெல்லாம் எடுத்து மடிச்சாங்க. என் துணியையும் சேர்த்துத்தான்.

அவன் போனப்போ நான் இப்படிக் கத்தலையே. ஏன்? அவன் போனப்போ இவங்க இருந்தாங்க. அதான்.

ஏப்ரல் 8, செவ்வாய்

ஒத்திகை. நூலகத்துப் பழைய ஜமுக்காளத்தில் கண்ணை மூடிப் படுத்திருந்தேன். ராஜாவாக வரும் அத்தை போக முடியாமல் தடுமாறுவார், திரும்பித் திரும்பிப் பார்ப்பார், எல்லோரும் கண்ணைத் துடைத்துக்கொள்வோம் என்றுதான் நினைத்திருந்தேன். அட்டைக் கத்தியால் துணியைக் கிழிப்பதுபோல் செய்தார். எழுந்தார். நடந்தார். சீராக, ஒரே வேகத்தில், கதவு வரை. ஒரு முறைகூடக் கால் நிற்கவில்லை. காது அதை மட்டுமே கேட்டுக்கொண்டிருந்தது.

எல்லோரும் கைதட்டினார்கள். இவ்வளவு தத்ரூபமாக எப்படி என்று நூலகர் கேட்டார்.

"திரும்பிப் பாத்தா போக முடியாதுங்க. அதான் பாக்கல" என்றார் அத்தை.

வீடு திரும்ப பஸ் பிடித்தோம். இறங்கும்போது சொன்னார்: "பிரசவத்துக்குப் போறேன். திரும்பி வரமாட்டேன்னு எப்ப சொன்னேன்?"

"அவனும் போகும்போது அப்படிச் சொல்லல அத்தை."

 

ஏப்ரல் 26, சனி

நாடகம் அரங்கேறிவிட்டது. மேடை என்றால் குழந்தைகள் பகுதியில் மேஜைகளை ஒதுக்கிய இடம். கூட்டம் பரவாயில்லை, மழைக்கு ஒதுங்கியவர்களையும் சேர்த்து.

ராஜா மூக்குக்கண்ணாடி போடக்கூடாது என்று நூலகர் கடைசி நேரத்தில் சொல்லிவிட்டார். அத்தை அதைக் கழற்றி என் தலைமாட்டில் வைத்தார். துணியைக் கிழித்தார், எழுந்தார், அதே சீரான நடை. போய்விட்டார். நூலகர் அடுத்த வரியை ஆரம்பிக்கும்போது ஒரு நாற்காலி விழுந்த சத்தம். "யாருப்பா இத இங்க வெச்சது?" என்று காட்டுக்குள்ளிருந்து ராஜாவின் குரல்.

பிறகு காலடி திரும்பி வந்தது. கண்ணாடியை எடுக்க வந்திருக்கிறார். கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. நான் ராணி, தூங்குகிறேன், எப்படிச் சிரிப்பது? வயிறு குலுங்கியது. கண்ணாடியை எடுத்தவர் போகவில்லை. குனிந்து, விலகிக் கிடந்த போர்வையை என் தோள்வரை இழுத்துவிட்டார். வீட்டில் தினமும் செய்கிற மாதிரி. அப்புறம்தான் போனார்.

கூட்டம் அமைதியாகிவிட்டது. நான் எழுந்து அழ வேண்டிய கட்டத்துக்கு முன்னாலேயே கண் நனைந்திருந்தது. நடிப்பு பிரமாதம் என்று தபால்காரரின் மனைவி என் கையைப் பிடித்துக்கொண்டார்.

ஏப்ரல் 30

பஸ் நிலையம். பெட்டியை மேலே ஏற்றினேன். மாத்திரை, தண்ணீர், சால்வை. ஜன்னல் வழியாக, "கேஸை மூடிட்டியான்னு பாத்துட்டுப் படு" என்றார்.  பஸ் கிளம்பியது. நான்தான் முதலில் திரும்பி நடந்தேன்.

மே 4, ஞாயிறு

தனியாக இருப்பது இவ்வளவு சுகமா? மத்தியானம் வரை தூங்கினேன். நின்றபடியே ரொட்டி தின்றேன். டீவியில் எனக்குப் பிடித்ததை எனக்குப் பிடித்த சத்தத்தில் பார்த்தேன்.

மே 6, செவ்வாய்

சுகம் தீர்ந்துவிட்டது.

வட்டத்தில் கேட்டேன்: இந்தக் கதைகளில் காத்திருக்கும் மனைவிகள் நாள் முழுக்க என்னதான் செய்தார்கள்? நிலாவைப் பார்த்தார்கள், இளைத்தார்கள், வளையல் கழன்றது, சரி. சாயங்காலம்? "எழுதினவங்க ஆம்பளைங்க, சாயங்காலம் அவங்க வீட்ல இருந்திருக்க மாட்டாங்க" என்றார் தபால்காரரின் மனைவி. நாடகத்துக்குப் பிறகு அவரும் வருகிறார். தபால்காரர் இப்போதெல்லாம் குறைவாகத்தான் பேசுகிறார்.

நான் இளைக்கவில்லை. ஒரு சுற்று பெருத்திருக்கிறேன்.

மே 18, ஞாயிறு

பெண் குழந்தை. தாயும் நலம். அத்தை குரலில் அத்தனை சந்தோஷம் — எனக்கும் சந்தோஷம்தான், நிஜமாகவே. "மூக்கு உங்கள மாதிரியா?" என்று கேட்டேன். "மூக்குன்னு ஒண்ணு இருக்கு, அவ்வளவுதான் இப்போதைக்குத் தெரியுது" என்றார்.

போனைக் கீழே வைக்கப் போனேன். அதற்குள் அங்கே அத்தையிடமிருந்து அவன் வாங்கிவிட்டான். நல்லா இருக்கியா என்றான். இருக்கேன் என்றேன்.  பிறகு, குழந்தை பிறந்துடுச்சு, இனிமே முறைப்படி பிரிஞ்சுடலாமா, சம்மதமா என்றான். இந்த நிமிஷத்துக்கென்று மூன்று வருடமாக எத்தனை வசனம் சேர்த்து வைத்திருந்தேன். ஒன்றுகூட ஞாபகம் வரவில்லை. "சரி, வக்கீல்கிட்ட சொல்லு" என்றேன். 'சொல்லு' என்றுதான் சொன்னேன், 'சொல்லுங்க' இல்லை. வாயும் பேனாவை எட்டிப்பிடித்துவிட்டது.

ஜூன் 10

போன் குறைந்துவிட்டது. குழந்தை இரவெல்லாம் விழித்திருக்கிறதாம். அந்தப் பெண் வேலைக்குத் திரும்ப வேண்டுமாம், ஆள் கிடைக்கவில்லையாம். நியாயம்தான். எல்லாமே நியாயம்தான். அத்தையின் படுக்கையில் துவைத்த துணிகளைப் போட ஆரம்பித்தேன். பிறகு எடுத்துவிட்டேன்.

ஜூன் 22, ஞாயிறு

மணி அடித்தது. வாசலில் அத்தை, பெட்டி, மழையில் நனைந்த சால்வை.

"சொல்லியிருந்தா பஸ் நிலையத்துக்கு வந்திருப்பேனே."

"சொல்லியிருந்தா வீட்டப் பெருக்கி வெச்சிருப்ப. எப்படி வெச்சிருக்கன்னு பாக்கணும்ல" என்று உள்ளே போய் அடுப்பைப் பார்த்தார். உதட்டைப் பிதுக்கினார்.

டீ குடித்த பிறகு கொஞ்சம் கொஞ்சமாகச் சொன்னார். அந்தப் பெண் நல்லவள், அதுதான் கஷ்டமாகிவிட்டது. சண்டைக்காரியாக இருந்தால் பத்து நாளில் வந்திருப்பார். பகலில் குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஓர் ஆள் கிடைக்கும்வரை இருந்திருக்கிறார். கிளம்பும்போது மகன் கோபப்பட்டானாம், பெத்த பிள்ளைய விட்டுட்டு யாரோ ஒருத்தி வீட்டுக்குப் போறியே என்று.

"நீங்க என்ன சொன்னீங்க?"

"குழந்தைய அவன் கைல குடுத்தேன். பிடிக்கத் தெரியாம முழிச்சான். 'கைய நல்லா வெச்சுக்கடா, விட்டுடாத'ன்னேன். அவ்வளவுதான்." டீ டம்ளரை நகர்த்தி வைத்தார். "அந்தப் பொண்ணுகிட்ட தனியா சொல்லிட்டு வந்தேன். அவன் என்னிக்காவது வேலைக்கு வேற ஊர் போறேன்னு பெட்டியத் தூக்கினா, உடனே எனக்கு ஒரு போன் பண்ணு, நான் வர்றேன்னு."

பிறகு எழுந்து டீவி சத்தத்தைக் குறைத்தார்.

ஆகஸ்ட் 29

வழக்கு முடிந்தது. எதிர்பார்த்ததைவிடச் சீக்கிரம். நீதிமன்ற வாசலில் அவன் குழந்தையின் படம் காட்டினான். மூக்கு தெளிந்திருக்கிறது, அத்தையின் மூக்கேதான். சொன்னேன். இருவரும் சிரித்தோம். வெளியே வந்து, முடி வெட்டிக்கொண்டு, மத்தியானம் வேலைக்குப் போய்விட்டேன்.

செப்டம்பர் 12

அத்தையைக் கண் மருத்துவமனைக்குக் கூட்டிப்போனேன். இடது கண்ணில் புரை, அறுவை சிகிச்சை செய்ய வேண்டும். கூட இருப்பது யார் என்று கேட்டாள் முன்மேஜைப் பெண். நான் என்று கை தூக்கினேன்.

"நீங்க அவங்களுக்கு என்ன வேணும்? மகளா?"

"இல்ல. அவங்க எனக்கு அத்தை."

"மாமியாரா?"

 போன மாதம்வரை பதில் சுலபம்.

"அவ என் அண்ணன் பொண்ணு" என்றார் அத்தை, சொட்டு மருந்து விட்ட கண்ணை மூடிக்கொண்டே. அத்தை பிறந்த வீட்டில் ஒரே பிள்ளை, கூடப்பிறந்தவர் என்று யாருமே கிடையாது. முன்மேஜைப் பெண் தலையாட்டிவிட்டு அடுத்தவரைக் கூப்பிட்டாள்.

வெளியே வந்ததும், "பொய் சொல்றதுக்கு முன்னாடி எனக்கு ஒரு ஜாடையாவது காட்டக்கூடாதா?" என்று கேட்டேன்.

"எது பொய்?" என்றார்.

பஸ் வந்தது. ஜன்னலோரம் ஓர் இடம்தான் காலி. கண் தெரியவில்லை, தெரியவில்லை என்று சொல்லிக்கொண்டே எனக்கு முன்னால் ஏறி அதில் உட்கார்ந்துகொண்டார்.