நிறைந்திருந்த களஞ்சியம்

கடலும் கழியும் காக்கும் வெண்கரை நாட்டு வேந்தர், சுறாக்கொடி உயர்த்திய முந்நீர்க்கோ அவர்கள் திருவாய் மலர்ந்தருள, ஓலைநாயகம் இளம்பூதன் எழுத்தாணி பிடித்து எழுதிய திருமுகம். முகில் தங்கும் முடியும் தேன் தங்கும் சரிவும் உடைய கார்மலை நாட்டை ஆண்டு வீற்றிருக்கும் கோமகள் வேங்கைமாலையார் திருமுன் படித்துக் காட்டத் தகும். தங்கள் குன்றும் கன்றும் குடிகளும் நலமாக இருக்க. நலம் பெருகுக என்று எழுதுவதே வழக்கம். ஆயினும் பெருகுக என்ற சொல்லை எழுத இளம்பூதனுக்கு இப்போது கை கூசுகிறது. ஏன் என்பது கீழே விளங்கும்.

நம் இரு நாட்டுக்கும் நடுவே ஓடும் நெட்டாற்றின் மணல்திட்டில், இரு நாட்டு முன்னோரும் கூடி ஒரே சந்தை வைத்ததும், ஒரே மரக்காலால் அளந்ததும், ஒரு நாடு வறண்டால் மறு நாடு தானியம் இறக்கி உப்பும் கருவாடும் ஏற்றிச் செல்வது என்று உடன்பட்டதும் தாங்கள் அறிந்தவையே. சென்ற இரண்டாண்டும் வெண்கரையில் மழை பொய்த்தது. சந்தை கூடுமுன் தாங்கள் அன்போடு ஓலை விடுத்து, எங்கள் களஞ்சியம் எவ்வாறு உள்ளது என்று வினவினீர்கள்.

மறுமொழி எழுதியவன் இளம்பூதன். வெண்கரையில் 'இல்லை' என்று அடுக்களையிலும் சொல்லமாட்டார்கள், கடையிலும் சொல்லமாட்டார்கள். அரிசிப் பானை காலியானால் அரிசி நிறைந்திருக்கிறது என்பாள் வீட்டுக்காரி. கணவன் மறுபேச்சில்லாமல் கூடையை எடுத்துக்கொண்டு கிளம்புவான். முப்பதாண்டு ஓலை எழுதியும் அமங்கலச் சொல் ஒன்றுகூடத் தன் எழுத்தாணியில் வந்ததில்லை என்று இளம்பூதனுக்குத் தலைகொள்ளாத பெருமை. அந்தப் பெருமையிலே, எங்கள் களஞ்சியம் நிறைந்து பெருகியிருக்கிறது என்று அழகாக எழுதி அனுப்பினான். கார்மலையில் காலியைக் காலி என்றும் நிறைவை நிறைவு என்றும் சொல்வார்கள் என்பது அந்த மகா புத்திசாலிக்குத் தோன்றவே இல்லை.

சந்தை நாளன்று நிகழ்ந்ததைச் சொல்ல வேண்டும். எங்கள் உமணர்கள் உப்பைக் குவித்துவிட்டு, தினை வாங்க வெறுங்கூடைகளோடு நின்றார்கள். தங்கள் சந்தைத் தலைவர் நெடுங்குன்றனார் நானூறு எருதுகளோடு கணவாய் இறங்கி வந்தார்; ஒவ்வோர் எருதின் முதுகிலும் வெறுஞ்சாக்கு. மலையிலும் விளைச்சல் பாதிதான் என்பதும், வெண்கரையில் நிறைந்திருக்கிறது என்று நம்பி நெல் வாங்கவே அவர் வந்தார் என்பதும் அப்போதுதான் தெரிந்தது. இங்கே வெறுங்கூடை, அங்கே வெறுஞ்சாக்கு. உடன்படிக்கையை முறித்தார்கள் என்று எங்களவர் முணுமுணுத்தார்கள். பரிகாசம் செய்தார்கள் என்று தங்களவர் வேல்களைப் பற்றினார்கள். இளம்பூதன் உப்புக் குவியலின் பின்னே ஒதுங்கினான்.

அந்நேரம் உமணர் தலைவி வெண்ணி முன்வந்தாள். நல்லது கெட்டது பார்த்துப் பேசுகிற பெண், ஐந்து பிள்ளை பெற்றவள். அவள் தன் கூடையை மணலில் கவிழ்த்து, எங்கள் நாட்டில் தானியம் இல்லை, ஒரு பிடிகூட இல்லை, பதினெட்டு உப்பூர்களிலும் அடுப்பில் நத்தையும் நண்டுமே வேகின்றன என்று உரக்கச் சொன்னாள். நிறைந்திருக்கிறது என்று எழுதியவர் பொய் எழுதவில்லை, எங்கள் வாய்வழக்கை எழுதினார், வேண்டுமானால் அவர் காதைத் திருகிக்கொள்ளுங்கள் என்றும் சொன்னாள். 'இல்லை' என்ற சொல்லைப் பொதுவிடத்தில் முதன்முதலாகக் கேட்ட எங்கள் மக்கள் நெஞ்சில் கைவைத்து நின்றார்கள்.

நெடுங்குன்றனார் வேலை மணலில் ஊன்றி, சற்றே நகைத்தார். பிறகு, பிள்ளைகள் எத்தனை பேர் என்று மட்டும் வினவினார். தங்களவர் வழிக்கென்று கட்டிவந்த தினைமாவை அங்கேயே அவிழ்த்து எங்கள் பிள்ளைகளுக்குக் கொடுத்துவிட்டு, வெறும் வயிற்றோடு மலையேறினார்கள்.

ஒன்பதாம் நாள் காலையில் இளம்பூதன் கண்டதை எழுத எழுத்தாணிக்கு வலுவில்லை. மலையில் பாறை சரிந்து எருதுப் பாதை அடைபட்டிருந்தது. அதனால் கணவாயின் உச்சி தொடங்கி மணல்திட்டு வரை மனிதர்கள் ஒருவர் பின் ஒருவராக நின்று, மூட்டைகளைக் கைமாற்றி இறக்கினார்கள். கிழவரும் நின்றார்கள், கைக்குழந்தையை முதுகில் கட்டிய பெண்களும் நின்றார்கள். கோமகளாகிய தாங்களும் அவ்வரிசையில் பதினோராவது வளைவில் நின்றதாகப் பின்னர் கேள்விப்பட்டோம். எத்தனை பேர் என்று எண்ணத் தொடங்கிய இளம்பூதன் பாதியில் விட்டுவிட்டுக் கைகூப்பினான். முந்நூறு மூட்டை வந்து சேர்ந்தது.

நாற்பது மூட்டை உண்டு தீர்ந்தபின், வெண்ணி ஒரு மூட்டைக்குள் கைவிட்டு அளைந்தாள். தினையோடு சாம்பலும் வேப்பிலையும் வந்தன. முன்பே கண்ணில் பட்டிருக்க வேண்டும். பசி வந்தால் பத்தும் பறக்கும் என்பார்களே, எங்களுக்குக் கண்ணும் பறந்திருந்தது. உண்ணும் தானியத்தில் யாரும் சாம்பல் கலப்பதில்லை. விதைக்கு வைத்த தினை அது. கார்மலையில் வேறு விதை உண்டா என்று நெடுங்குன்றனாருக்கு ஆள் விட்டுக் கேட்டபோது, அவர் முகம் மாறாமல், எங்கள் மலையிலும் நிறைந்திருக்கிறது என்று எங்கள் வாய்வழக்கிலேயே விடை சொல்லி அனுப்பினார். அதைக் கேட்டு இளம்பூதன் அரசவை என்றும் பாராமல் வாய்விட்டு அழுதான்.

உடனே பதினெட்டு உப்பூராரும் கூடினார்கள். பசித்தவர்கள் கூடிய கூட்டம். சச்சரவு வரும் என்று மன்னர் காவலைக் கூட்டியிருந்தார். விதை மலைக்கே திரும்ப வேண்டும் என்பதில் ஒருவரும் வாதிடவில்லை. உலையில் போட அள்ளி வைத்ததையும் பெண்கள் முறத்தோடு கொண்டுவந்து மூட்டையில் கொட்டினார்கள். கடல் கடந்து நெல் வாங்கப் போன மரக்கலங்கள் ஆவணியில்தான் திரும்பும். அதுவரை கடல் இருக்கிறது, வலை இருக்கிறது என்று சொல்லி எழுந்து போனார்கள். இத்தகைய குடிகளுக்குத் தாம் அரசராக இருப்பது எந்தப் பிறவியில் செய்த நன்மையோ என்று மன்னர் வியந்தருளினார்.

ஆகவே, இருநூற்று அறுபது மூட்டை விதைத்தினை இவ்வோலையோடு வருகிறது. நாற்பது மூட்டை எங்கள் பிள்ளைகள் தின்றுவிட்டார்கள். அதை மறைக்க மனமில்லை. மரக்கலங்கள் வந்ததும் அவற்றில் வரும் நெல்லில் சரிபாதி மணல்திட்டில் தங்களுக்காக இறங்கும். இனிச் சந்தை குறித்து எழுதும் ஓலை எதுவாயினும், மறு நாட்டார் ஒருவர் படித்துப் பொருள் சொன்ன பின்னரே இலச்சினை பெறும். இளம்பூதனுக்குத் தண்டனையாக, ஓராண்டு கார்மலையில் களைக்கொட்டு பிடித்துத் தினைக்காட்டில் உழைக்க ஆணையாயிற்று. வேலை தெரியுமா என்று கேட்டால் தெரியாது என்றே சொல்லுவான், பொறுத்துக் கற்பித்தருள்க.

ஒரு நாட்டு வேந்தர் அயல்நாட்டு அரசிக்கு ஆணையிடும் வழக்கம் எங்கும் கிடையாது. ஆயினும் எங்கள் மன்னர் ஒன்றை மட்டும் ஆணையாகவே எழுதச் சொன்னார். எங்கள் பசியை எண்ணி இந்த விதையை மீண்டும் கீழே அனுப்பக் கூடாது. ஆடி மழைக்கு முன் அது கார்மலை மண்ணில் விழ வேண்டும்.

சுறா இலச்சினை இட்டது. இப்படிக்கு வெண்கரையார் எல்லோர் சொல்லும் இதுவே.