ஆகட்டும் என்று முடியாத ஓலை

நலம் பெருகுக. ஆறு ஏரிகளுக்கும் ஏழு மதகுகளுக்கும் உரியவரும், கொக்குக் கொடி உயர்த்தியவரும், நீர்க்கோட்டை அரியணையில் வீற்றிருந்து ஆம்பல் நாட்டை ஆள்பவருமாகிய அரசி கயற்கொடியார் திருமுன், அவர்தம் உடன்பிறந்த இளவல் கண்டீரன், கடல் கடந்து வெண்மணல் நாட்டுப் பல்கலைக்கழகத்தில் சமூகவியல் பயிலும் மாணவன், தலை வணங்கி விடுக்கும் ஓலை. தங்கள் ஏரிகள் நிறைக. தங்கள் வயல்கள் விளைக. தங்கள் இடது முழங்கால் வலி தீர்க.

நான் சொல்லச் சொல்ல இதை எழுதுபவர் வேட்டனார். இந்நாட்டு ஓலை எழுத்தர்களுக்கு ஓர் உறுதிமொழி உண்டு. சொல்பவர் வாயிலிருந்து வருவது எதுவாயினும் கூட்டாமல் குறைக்காமல் எழுதிவிடுவார்கள். எழுத்தாணி பட்டதை அழிக்கவும் இயலாது. ஆகவே நடுவில் அரசவைக்குத் தகாத சொல் ஏதும் வந்தால் பொறுத்தருள்க. வேட்டனாரே, கொஞ்சம் இருங்க, தண்ணி குடிச்சிட்டு வர்றேன். இதை எழுதாதீங்க.

எழுதிவிட்டார்.

செய்தி யாதெனில், தைப் பூரணைக்குள் நாடு திரும்பி அமைச்சர் பதவி ஏற்க வேண்டும் என்னும் தங்கள் ஆணை தாங்கிய கப்பல் துறையில் நிற்கிறது. மறுமொழிக்காக மாலுமி பதினோரு நாள்களாகக் காத்திருக்கிறார். நாளைக் காலை பாய் விரித்துவிடுவாராம். மறுமொழி சொல்லுமுன், இந்த ஐந்தாண்டில் நான் கற்றதையும் கல்லாததையும் தாங்கள் அறிய வேண்டும்.

மக்கள் ஏன் இப்படி வாழ்கிறார்கள் என்று கேட்பதே சமூகவியல் என்று இளநிலை முதல் நாளன்று ஆசிரியை நப்பண்ணையார் சொன்னார். அவர் உள்ளே நுழைந்ததும் நாங்கள் நாற்பது பேரும் எழுந்து நின்றோம். ஏன் எழுந்தீர்கள் என்று கேட்டார். ஒருவருக்கும் விடை தெரியவில்லை. "சரி, தெரிஞ்சதும் உக்காருங்க" என்றார். அன்று பாடம் முழுவதையும் நின்றே கேட்டோம்.

மூன்றாம் ஆண்டில் சொந்த நாட்டு மக்களைக் கண்டு கேள்வி கேட்டு வரப் பணித்தார்கள். விடுமுறைக்கு நான் வந்தது தங்கள் நினைவில் இருக்கும். முரசறைவோன் ஒருவனையும் வேல் தாங்கிய வீரர் இருவரையும் உடன்கொண்டு ஊர் ஊராகச் சென்று, உமக்குக் குறை ஏதும் உண்டா என்று நானூற்றுப் பன்னிரண்டு பேரைக் கேட்டேன். நானூற்றுப் பன்னிரண்டு பேரும் "ஆகட்டும்" என்றார்கள். நம் வழக்கம் தாங்கள் அறிந்ததே. அரச மோதிரம் அணிந்தவரிடம் நம் மக்கள் இல்லை என்றோ முடியாது என்றோ சொல்வதில்லை. எதற்கும் ஆகட்டும். ஆகக்கூடியது என்றால் செய்வார்கள். ஆகாதது என்றால் ஆகட்டும் என்று சொல்லிவிட்டு வீட்டுக்குப் போய்விடுவார்கள். ஏழாம் மதகின் காவலனிடம் மதகு உறுதியாக உள்ளதா என்று கேட்டபோதும் "ஆகட்டுங்க" என்றான். அவன் வேட்டி முழங்கால் வரை நனைந்திருந்தது. அதை நான் பார்த்தேன். குறித்துக்கொள்ளவில்லை.

நப்பண்ணையார் என் ஓலைக்கட்டைப் புரட்டிவிட்டு, "தம்பி, இது ஆய்வா, ஊர்வலமா?" என்று கேட்டார்.

ஆதலால் முதுநிலையில் மாறுவேடம் பூண்டேன். தங்களுக்கும் சொல்லாமல், உப்பு வணிகன் போல மூட்டை சுமந்து ஆம்பல் நாட்டுச் சந்தைக்கு வந்தேன். மக்கள் வரிசையில் நின்று வாங்கினார்கள். விலை பேசவில்லை. ஒரு பெண்மணி சிட்டிகை எடுத்து நாவில் வைத்துக் கண் மூடி, "நல்ல கரிப்புங்க" என்றார். எனக்குப் பெருமையாக இருந்தது. மாலையில்தான் கப்பலில் மூட்டை மாறிப்போனதை அறிந்தேன். நாள் முழுதும் நான் விற்றது ஆற்று மணல். மோதிரத்தையும் கழற்ற மறந்திருந்தேன்.

அக்கா, நம்ம ஊர்ல அன்னைக்கு ராத்திரி எத்தனை வீட்டுல மணல் போட்டுக் கொழம்பு வச்சாங்களோ. வேட்டனாரே, சரி, இது இருக்கட்டும்.

நான் யாரிடமும் எதையும் கேட்டறியவில்லை என்பதையே ஆய்வாக எழுதி முதுநிலை தேறினேன். இப்போது முனைவர் படிப்புக்கு ஓரிடம் உள்ளது. அதற்கு நப்பண்ணையார் விதித்தது ஒரே நிபந்தனை. ஆம்பல் நாட்டவர் ஒருவர், தம்மைத் தண்டிக்க வல்ல ஒருவரிடம் முடியாது என்று சொன்னதற்குச் சான்று கொண்டுவர வேண்டும். "ஒண்ணு போதும். அது வந்தா உன் ஊருல ஆராய ஏதோ இருக்குன்னு நம்புறேன்" என்றார். தைப் பூரணைக்குள் வராவிட்டால் இடம் வேறொருவருக்குப் போய்விடும்.

அரண்மனை அடுக்களைத் தலைவர் மருதையனாருக்கு ஓலை விடுத்தேன். இனி நாள்தோறும் யானைகளுக்கு நெய்ச்சோறு சமைக்குமாறு பணித்தேன். மனிதர் நிச்சயம் மறுப்பார் என்று நம்பினேன். ஆகட்டும் என்று எழுதியிருந்தார். யானைகள் நலமா? படைத்தலைவருக்கு எழுதி, அருள்கூர்ந்து என்னை ஒருமுறை மறுத்துப் பேசுங்கள் என்று வேண்டினேன். "ஆகட்டும், தங்கள் சித்தப்படியே மறுக்கிறேன்" என்று விடை வந்தது. அதைக் கொண்டுபோய்க் காட்டினேன். நப்பண்ணையார் சிரித்து முடிக்கும் வரை நின்றுகொண்டிருந்தேன்.

இங்கே நான் தங்கியிருக்கும் வீட்டின் உரிமையாளர் தேமொழியம்மை. வந்த புதிதில் கொஞ்சம் குழம்பு கேட்டேன். "தீந்துபோச்சு தம்பி. இருந்தாலும் உனக்குக் கெடையாது, நேத்து தட்டைக் கழுவாமப் போயிட்ட" என்றார். கெடையாது என்னும் சொல்லை என் முகத்துக்கு நேரே கேட்டது பிறந்தது முதல் அன்றுதான். இரண்டு நாள் எனக்குக் காய்ச்சல்.

இன்று காலை அவர் வாழைக்காய் நறுக்கிக்கொண்டே கேட்டார்.

"கப்பல்காரர் வாசல்ல வந்து நிக்கிறாரே, உங்கக்காவுக்கு என்ன சொல்லப் போற?"

"ஆகட்டும்னு எழுதிடலாம்னு இருக்கேன்மா."

"அப்ப போகப் போற."

"போக மாட்டேன். காய்ச்சல், காத்து சரியில்ல, அப்படி ஏதாச்சும் சொல்லித் தள்ளிப்போடலாம்."

அவர் அரிவாள்மணையிலிருந்து தலை நிமிர்த்தவில்லை. "நானூத்துப் பன்னெண்டு பேர்னு சொன்னியே. உன்னையும் சேத்து எண்ணு" என்றார்.

அதன்பின் வாழைக்காய் வறுவல் எனக்கு இறங்கவில்லை. ஒரு கரண்டிக்கு மேல் உண்ணவில்லை. வேட்டனாரே, ரெண்டு கரண்டி.

ஆகவே, ஆறு ஏரிகளுக்கும் ஏழு மதகுகளுக்கும் உரிய அரசியாரே, தங்கள் ஆணைக்கு அடியேன் சொல்லும் மறுமொழி இதுவே. முடியாது. தைப் பூரணைக்கு நான் வர மாட்டேன். அமைச்சர் பதவி எனக்கு வேண்டாம். என் நிலத்தையும் மானியத்தையும் என் பெயரையும்கூடத் தாங்கள் எடுத்துக்கொள்ள வல்லவர் என்பதை அறிந்தே சொல்கிறேன். தங்கள் அவையில் ஆகட்டும் என்று சொல்ல முப்பது பேர் இருக்கிறார்கள். முப்பத்தொன்றாமவனாக நானும் வந்து நின்றால் ஏழாம் மதகு ஒழுகுகிறது என்று தங்களுக்குச் சொல்ல எவரும் இல்லை. அது ஒழுகுகிறது, அக்கா. மூணு வருஷமா ஒழுகுது. பார்த்துட்டுச் சொல்லாம வந்தவன் நான். மழைக்கு முன்னாடி ஆள் அனுப்பு. காவலனைக் கேக்காதே, அவன் வேட்டியைப் பாரு.

முனைவர் பட்டத்துக்காக நான் ஆம்பல் நாடு வருவேன். முரசும் வேலும் இன்றி, மதகடியில் குடிசை போட்டு ஓராண்டு தங்கி, ஆகட்டும் என்று சொன்னவர்கள் எதைச் சொல்லாமல் விட்டார்கள் என்று கற்பேன். அதற்குத் தடையாக இருக்கும் அரச மோதிரத்தை இவ்வோலையோடு நூலில் கட்டி அனுப்பியுள்ளேன். எனவே இதில் முத்திரை இல்லை. முத்திரைக்குரிய இடத்தில் என் பெருவிரலை மையில் தோய்த்து வைத்துள்ளேன். ஓரத்தில் உள்ள மஞ்சள் கறை வறுவலுடையது.

இவ்வோலையில் இதுவரை எழுதியதன் படி ஒன்று நப்பண்ணையார் கையில் சேர்ந்தது. அவர் இருமுறை படித்து, "இது உங்கக்காவுக்குப் போயிடுச்சா?" என்று மட்டும் கேட்டார். நாளைக் காலை போகும் என்றேன். "அப்ப நாளைக் காலையில வா" என்றார். ஆதலால் விடிந்ததும் துறைக்குச் சென்று, கப்பல் கண்ணுக்கு மறையும் வரை நின்று பார்த்துவிட்டு அவரிடம் போவேன். நடுவில் ஓடிப்போய் ஓலையைத் திரும்பப் பிடுங்காதிருக்க வேட்டனாரை உடன் வரச் சொல்லியிருக்கிறேன்.

மோதிரம் இல்லாதவன் ஆணையிட இயலாது. ஆதலின் இது தம்பியின் வேண்டுகோள். அக்கா, இதுக்கு ஆகட்டும்னு எழுதி அனுப்பிடாதே. கோபம்னா கோபம்னு எழுது. முடியாதுன்னா முடியாதுன்னே எழுது.

அதையும் ஆய்வில் சேர்த்துக்கொள்கிறேன்.