பாறைக்குப் பின்னால் இரண்டு வட்டம்

ஊருக்கே தண்ணீர் விட்ட என் தங்க நைனாவுக்கு,

நாளைக் காலை நம் பள்ளிக்கூடத்தில் மறுபடியும் ஊர்க் கூட்டம். இரண்டு நாளாக எனக்குச் சோறு இறங்கவில்லை. உன்னிடம் ஒருமுறை சொல்லிவிட்டால் மற்றவர்களிடம் சொல்ல வாய் வரும் என்று ஒரு நப்பாசை.

முதலில் வீட்டுச் சேதி. நீ கண்ணை மூடிய பிறகு ஊர் டேங்க்குக்கு நீல பெயிண்ட் அடித்தார்கள். உன் ஆபரேட்டர் வேலைக்கு வந்திருப்பவர் மோட்டாரைப் போட்டுவிட்டு போனைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்துவிடுகிறார். டேங்க் வழிகிறது, அம்மா தெருவில் நின்று அவரைத் திட்டுகிறாள். அந்த மட்டுக்கு அம்மா நன்றாகத்தான் இருக்கிறாள்.

உன் சின்ன மகள் இப்போது விஸ்கி ஆலை கட்டுகிறாள். சிரிக்காதே. மேல்மலையனூர் ரோட்டிலிருந்து உள்ளே, நம் ஊர்க் குன்றின் அடியில். உன் பொண்ணு என்ன கட்டுகிறாள் என்று யாராவது கேட்டால் அம்மா, "ஏதோ பாட்டில் கம்பெனியாம்" என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடுகிறாள்.

சென்னை முதலாளி கட்டடம் வரைய என்னைத் தேடி வந்ததே நான் செஞ்சிக்காரி என்பதால்தான். கட்டடம் இருப்பதே தெரியக்கூடாது என்றார். அப்படியே வரைந்தேன். பாதி மண்ணுக்குள். சுவருக்கு இங்கத்திய கருங்கல். கூரை மேல் மண் கொட்டி, குன்றில் முளைக்கிற அதே புல். விஸ்கி வருஷக்கணக்கில் கிடக்கும் பீப்பாய்களுக்கு இரண்டு பாறைகளுக்கு நடுவே வெயில் படாத கொட்டகை. விஸ்கி காய்ச்சும் செப்புக் கொப்பரைகள் நிற்கும் கூடத்துக்கு மட்டும் ஒரு நீள சன்னல், அதில் ராஜகிரிக் கோட்டை தெரியும். பஸ்ஸில் போகிறவர்களுக்கு ஆடு மேய்வதுதான் தெரியும். அழகாக வந்திருக்கிறது, நைனா. அதை உன்னிடம் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

போன வாரக் கூட்டத்தில் படத்தைக் காட்டினேன். "உங்க நைனா ஊருக்குத் தண்ணி வுட்டாரு, நீ ஊருக்கே தண்ணி ஊத்தப் போறியாம்மா?" என்று பின்னாலிருந்து ஒரு குரல். எல்லாரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். அப்புறம் நம் தெரு சரசு அக்கா எழுந்தாள்.

"எல்லாம் நல்லாத்தான் இருக்குது. கட்டடத்த மறைச்சிட்ட. தண்ணிக்குப் போட்ட போரு எங்க? அதையும் மறைச்சிட்டியா?"

"பின்னால இருக்குதுக்கா."

"பின்னாலன்னா எங்க?"

அடுத்த கூட்டத்தில் விவரமாகச் சொல்கிறேன் என்று படத்தைச் சுருட்டிவிட்டேன்.

வரைபடத்தில் அது கொட்டகைப் பாறைக்குப் பின்னால் இரண்டு சின்ன வட்டம்: ஒன்று பழைய கிணறு, அதை ஒட்டி போர். அந்த இடம் உனக்குத் தெரியும். நீதான் எனக்குக் காட்டினாய்.

மழை ஏமாற்றிய வருஷம், நான் காலேஜ் லீவில் வந்திருந்தேன். அந்தப் பாறையடிக் கிணற்றை எட்டிப் பார்த்துவிட்டு நீ குரலைத் தாழ்த்திச் சொன்னாய்: "இங்க எறைச்சா அங்க நம்ம ஊர் போர்ல மட்டம் எறங்குது. நானும் பாத்துனுதான் இருக்கேன். ரெண்டும் ஒரே ஊத்து. யார்கிட்டயும் மூச்சு வுடாத. தண்ணி லாரிக்காரன் காதுல வுழுந்தா ஊரு காலி."

முதலாளி முதலில் போட்ட இரண்டு போரிலும் கல்தூள் புகைதான் வந்தது. தண்ணீர் இல்லையென்றால் வேறு ஊர் பார்க்கிறேன் என்றார். என் முதல் பெரிய கட்டடம், நைனா. கை தானாக நீண்டது. "அங்கே போட்டுப் பாருங்கள்" என்றேன். தண்ணீர் பீறிட்டது, எல்லாரும் கைதட்டினார்கள். காட்டிக் கொடுப்பது என்கிறார்களே, அது இவ்வளவு சுலபமா?

நீ சொன்னதில் பாதிதான் ஞாபகம் இருந்தது என்று எனக்கு நானே கதை விட்டுப் பார்த்தேன். பொய். முழுசும் ஞாபகம் இருந்தது.

சோதனைக்காக அந்தப் புதுப் போரின் மோட்டாரைச் சில நாள் ஓட்டினார்கள். அந்த வாரம் தெருக் குழாயில் தண்ணீர் நூல் மாதிரி வந்ததாம், அம்மா சொன்னாள். வெயிலா? புது ஆபரேட்டர் கூத்தா? நானா?

ஆவியைக் குளிர வைக்கிற தண்ணீரையே திரும்பத் திரும்பச் சுற்றவிடலாம், பாறையில் விழும் மழையைக் குளம் வெட்டிப் பிடிக்கலாம், கொப்பரையைச் சின்னதாக்கலாம் என்று முதலாளியிடம் போனில் சொன்னேன். "பாக்கலாம் மேடம். போர் மேட்டரை மட்டும் கூட்டத்துல எடுக்காதீங்க" என்றார். குரலில் கோபமே இல்லை. அதுதான் எனக்கு இன்னும் பயமாக இருக்கிறது.

அம்மா நாளை முன்வரிசையில் உட்காரப் போகிறாளாம். "நீ மைக்ல பேசி நான் பாத்ததே இல்லடி" என்று நல்ல புடவையாகத் தேடி எடுத்து வைத்திருக்கிறாள். நான் பேசி முடித்த பிறகு குழாயடியில் அவள் முகத்தை யார் பார்ப்பார்கள்? எந்திரம் வைத்துக் கண்டுபிடித்த இடம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், எல்லாரும் நம்பிவிடுவார்கள். உன் பேரும் வெளியே வராது, என் வேலையும் போகாது. இதைவிட வசதியான பொய் கிடைக்குமா?

ஆனாலும் உன்மேல் சத்தியம், நைனா. நாளை எழுந்து நிற்பேன். "அது எங்க நைனா எனக்கு மட்டும் காட்டின எடம். உங்க குழாய்ல வர்றதும் அந்தத் தண்ணிதான். யார்கிட்டயும் சொல்லாதன்னாரு. நான் சொல்லிட்டேன். அந்தப் போரை மூடணும்" என்று அம்மாவின் முகத்தைப் பார்த்தே சொல்வேன். முதலாளி மூட மாட்டேன் என்றால் அந்தக் கட்டடத்தில் என் கையெழுத்து இருக்காது.

உன் பேச்சை மீறிய,
உன் சின்னப் பொண்ணு