முகம் நேராக இல்லை

வாண்டுக்கு,

இங்கே நானும் உன் அப்பாவும் நலம். ஃப்ரிட்ஜ் மட்டும் நலமில்லை, ஓயாமல் முனகுகிறது. நீ எப்படி இருக்கிறாய் என்று கேட்க மாட்டேன். கேட்டால் "நல்லா இருக்கேம்மா" என்பாய், இருமிக்கொண்டே. விடுதிச் சாப்பாட்டைக் குறை சொல்லிக்கொண்டாவது வேளாவேளைக்குச் சாப்பிடு.

போனில் எது சொன்னாலும் "சரிம்மா, சரிம்மா" என்று ஓட்டிவிடுகிறாய். மெயிலில் எழுதினால் குறுக்கே பேச முடியாது, அதனால்தான் இது.

நான் ரெசிடென்சி மேல்படிப்புக்கு விண்ணப்பம் போடுகிறேன். ஆமாம், இந்த வயதில்தான். ஆஸ்பத்திரியிலேயே கிடந்து, என்னைவிடச் சின்னவர்களிடம் திட்டு வாங்கிக்கொண்டு, குடும்ப மருத்துவம் படிக்கப் போகிறேன், இடம் கொடுத்தால். காதுக்குப் பின்னால் இருந்த கட்டியை எடுத்து, முகத்தின் இடது பக்கம் செயலிழந்த பிறகு நான் நோயாளி யாரையும் தொட்டதில்லை என்பது உனக்குத் தெரியும். இன்சூரன்ஸ் ஆபீசில் உட்கார்ந்து, வேறு டாக்டர்கள் பார்த்த நோயாளிகளின் பில்களைப் படித்துக்கொண்டிருக்கிறேன். போன வருஷம் எங்கள் மேனேஜர் மீட்டிங் நடுவில் சர்க்கரை இறங்கிச் சரிந்துவிட்டார். அத்தனை பேரும் போனை எடுத்துக்கொண்டு ஓடினார்கள். நான் தரையில் உட்கார்ந்து அவருக்குச் செய்ய வேண்டியதைச் செய்தேன். கண் திறந்ததும் என் கையைப் பிடித்தவர் ஆம்புலன்ஸ் வரும்வரை விடவே இல்லை. அன்று வீட்டுக்கு வந்ததும் பழைய புத்தகங்களை இறக்கினேன். உன் அப்பா ஒன்றும் கேட்காமல் தூசி தட்டிக் கொடுத்தார்.

பரீட்சை எழுதியாகிவிட்டது, மதிப்பெண்ணும் மோசமில்லை. சான்றிதழ்களை அவர்கள் இணையதளத்தில் ஏற்றியாகிவிட்டது. ஏன் குடும்ப டாக்டராக வேண்டும் என்று ஒரு பக்கம் எழுதச் சொன்னார்கள், அதையும் எழுதிவிட்டேன். போட்டோ ஒன்றில்தான் வண்டி நின்றுவிட்டது.

உன் சித்திக்குச் செய்தி எப்படிப் போனதோ தெரியாது. பார்லரை மூடிவிட்டு மேக்கப் பெட்டியோடு வந்து நின்றாள். அவளுடைய முதல் யோசனை, ஆபரேஷனுக்கு முன்னால் எடுத்த போட்டோவையே போட்டுவிடலாம் என்பது. "உனக்கு வயசே தெரியலக்கா, அப்படியேதான் இருக்க" என்றாள். அதில் இருக்கிறவளை இன்டர்வியூவுக்கு யார் அனுப்புவது என்று கேட்டேன். பிறகு, "சரி வா, ஸ்டுடியோவுக்குப் போலாம்" என்று இழுத்துக்கொண்டு போனாள்.

மார்க்கெட் தெருவில், செருப்புக் கடைக்கு மாடியில் இருக்கிற ஸ்டுடியோ. ஸ்டுடியோக்காரர் தங்கமான மனிதர். அதுதான் கஷ்டமாக இருந்தது. கேமரா வழியாக ஒருமுறை பார்த்தார், எழுந்துவந்து விளக்கை நகர்த்தினார். மறுபடி பார்த்தார், நாற்காலியைத் திருப்பினார். "கொஞ்சம் இந்தப் பக்கமா மேடம், இன்னும் கொஞ்சம்" என்று சொல்லிச் சொல்லி என் இடது கன்னத்தை அப்படியே இருட்டில் கொண்டுபோய் வைத்துவிட்டார். நேராக எடுங்கள், விண்ணப்பத்துக்கு நேராகத்தான் வேண்டும் என்றேன். எடுத்தார். "சிரிங்க" என்று மட்டும் அவர் கடைசிவரை சொல்லவில்லை. எல்லாரிடமும் சொல்கிற வார்த்தை அது. எனக்கு முன்னால் எடுத்துக்கொண்டவரிடம்கூடச் சொன்னார், அவர் லைசென்சுக்கு எடுக்க வந்தவர்.

பிறகு நாங்கள் கேட்காமலேயே கம்ப்யூட்டரில் என் வலது கன்னத்தை வெட்டித் திருப்பி இடது பக்கம் ஒட்டினார். வாய் நேரானது. தொங்கிய புருவம் ஏறிக்கொண்டது. மூடாத கண் அளவாகத் திறந்துகொண்டது. சித்தி, "அய்யோ அக்கா" என்று வாயைப் பொத்திக்கொண்டாள். திரையில் இருந்தவள் எனக்கு ஒன்றுவிட்ட அக்கா மாதிரி இருந்தாள். உன்னிடம் மறைப்பானேன், எனக்குப் பொறாமையாக இருந்தது. அவள் காபியை ஸ்ட்ரா இல்லாமல் குடிப்பாள். கண்ணுக்கு டேப் ஒட்டாமல் தூங்குவாள்.

இரண்டையும் வாங்கிக்கொண்டு வந்தேன். உன் அப்பா கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். "இந்தம்மா கோவமே படமாட்டாங்க போலிருக்கே. இவங்களோட குடித்தனம் பண்றது சுலபம். யாரு இவங்க?" என்றார். கையிலிருந்த துண்டை அவர் மேல் எறிந்தேன். ஆனால் அப்போதே மனசு தெளிந்துவிட்டது. நான் நானாக இருக்கிற போட்டோவைத்தான் போடுவது என்று உட்கார்ந்தேன்.

இனிதான் கூத்து. போட்டோவை ஏற்றியதும் சிவப்பு எழுத்தில் ஒரு வரி வந்தது. "முகம் நேராக இல்லை. நேராகப் பார்த்து மீண்டும் எடுக்கவும்." ஏதோ தவறு என்று மறுபடி ஏற்றினேன். மறுபடி அதே வரி. சித்தி என்னைச் சுவரோரம் நிற்க வைத்து அவள் போனில் எடுத்தாள். "இரண்டு கண்களும் ஒரே அளவில் இல்லை" என்று வந்தது. நேரில் யாரும் இவ்வளவு வெளிப்படையாகச் சொன்னதில்லை. உன் அப்பாவுக்கு என்மேல் வராத கோபமெல்லாம் கம்ப்யூட்டர்மேல் வந்துவிட்டது. "அதுக்குக் கண்ணு நல்லாத்தான் இருக்கு, மூளைதான் வைக்க மறந்துட்டாங்க" என்று அறைக்குள் நடந்துகொண்டே இருந்தார்.

எரிச்சலில், பார்க்கலாமே என்று ஒன்றுவிட்ட அக்காவை ஏற்றினேன். உடனே பச்சை டிக்.

அந்தப் பச்சை டிக் இன்னும் அப்படியே இருக்கிறது. கீழே உள்ள பட்டனை அழுத்தினால் எல்லாம் முடிந்தது. "அழுத்துக்கா, உள்ள போனப்புறம் பாத்துக்கலாம்" என்கிறாள் சித்தி. உன் அப்பா உன் இஷ்டம் என்று சொல்லிவிட்டு ஃப்ரிட்ஜைப் பிரிக்க உட்கார்ந்துவிட்டார். கடைசித் தேதி வெள்ளிக்கிழமை. இரண்டு போட்டோவையும் இதோடு அனுப்பியிருக்கிறேன். பார்த்து உன் மனசில் பட்டதைச் சொல். எனக்காகச் சொல்லாதே, பட்டதைச் சொல்.

உன் அம்மா

*

வாண்டுக்கு,

இடம் கிடைத்துவிட்டது என்று போனில் சொன்னேனோ இல்லையோ, நீ அழ ஆரம்பித்துவிட்டாய். அப்பா போனைப் பிடுங்கி உன்னைச் சமாதானப்படுத்தப் போய், அவரும் சேர்ந்து அழுதார். நடந்ததைச் சொல்ல எனக்கு வாய்ப்பே தரவில்லை நீங்கள் இரண்டு பேரும். இப்போது சாவகாசமாக எழுதுகிறேன், படி.

அந்தப் போட்டோ விஷயத்தில் உன் பதில் ஒரே வரிதான் வந்தது. "எது நீயோ அதப் போடும்மா." அதற்கப்புறம் சில நாள் நான் கூப்பிட்டபோதெல்லாம் நீ எடுக்கவில்லை. பரீட்சை என்று பிறகு சொன்னாய். நான் துருவவில்லை.

உன் பதில் வந்த மறுநாள் காலையில் விண்ணப்ப உதவி மையத்துக்குப் போன் போட்டேன். எடுத்தவர் விதிமுறைகளை மனப்பாடமாக ஒப்பித்தார். என் முகம் இப்படித்தான் இருக்கும், நரம்பில் கோளாறு என்று விளக்கினேன். "மெஷின் எத ஓகே சொல்லுதோ அதப் போட்டுடுங்க மேடம். யாரு உத்துப் பாக்கப் போறாங்க" என்றார். பார்ப்பதற்குத்தானே சார் போட்டோ கேட்கிறீர்கள் என்றேன். இருங்க என்று பாட்டு போட்டுவிட்டுப் போய்விட்டார். பாட்டு முடிந்து மறுபடி ஆரம்பித்தது. போனை வைத்துவிடலாமா என்று நினைக்கும்போது ஒரு பெண் வந்தார். அவர்தான் அந்தப் பிரிவுக்குப் பொறுப்பாம். போட்டோவைத் தன் மெயிலுக்கு அனுப்பச் சொல்லி, நான் லைனில் இருக்கும்போதே திறந்தார்.

"இதுல ஒரு தப்பும் இல்லையே மேடம். வெளிச்சம் சரியா இருக்கு, முகம் தெளிவா இருக்கு. வேற என்ன வேணும்?" என்றார்.

அவ்வளவுதான். மெஷினை விட்டுவிட்டுத் தானே அனுமதித்துவிடுவதாகச் சொன்னார். வைக்கப் போகும் சமயத்தில், "உங்களுக்கு முன்னாடி எத்தன பேரு போன் பண்ணாமயே விட்டாங்களோ தெரியல. இத மேல எழுதிப் போடுறேன்" என்றார். சாயங்காலத்துக்குள் அந்தப் போட்டோவுக்கும் பச்சை டிக் விழுந்தது. சித்தி மேக்கப் பெட்டியின் மேல் கை வைத்துக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தாள். நான் பட்டனை அழுத்தினேன்.

இன்டர்வியூவில் மூன்று பேர் இருந்தார்கள். கதவைத் திறந்துகொண்டு உள்ளே போனபோது மூவரும் என்னைப் பார்த்தார்கள், சாதாரணமாக. ஒரு அறைக்குள் நுழைந்ததும் எதிரில் இருப்பவர்களின் கண் ஒரு நொடி தடுக்கிவிழுமே, அது அன்று இல்லை. முன்பே பார்த்துவிட்டார்கள் அல்லவா. அந்த ஒரு நொடி எனக்கு எவ்வளவு பெரிய பாரமாக இருந்திருக்கிறது என்று அது இல்லாதபோதுதான் தெரிந்தது.

புது மருந்து ஒன்றைப் பற்றிக் கேட்டார்கள். தெரியாது, படித்துவிட்டு வருகிறேன் என்றேன். ஒருவர் ஏதோ குறித்துக்கொண்டார், போச்சு என்று நினைத்தேன். கடைசியில் நடுவில் இருந்த பேராசிரியை, தலை முழுக்க நரைத்தவர், பேனாவை மூடி வைத்துவிட்டுக் கேட்டார். "நேராவே கேக்கிறேன், தப்பா எடுத்துக்காதீங்க. நோயாளிக்குக் கெட்ட செய்தி சொல்ல வேண்டியிருக்கும். அவங்க நம்ம முகத்தத்தான் பாப்பாங்க. நீங்க என்ன பண்ணுவீங்க?"

வருஷக்கணக்காக எல்லாரும் என்னிடம் கேட்காமல் சுற்றிச் சுற்றிப் போன கேள்வி அதுதான், வாண்டு. கேட்டுவிட்டாரே என்று எனக்கு நிம்மதியாகக்கூட இருந்தது. "என் முகம் பாதிதான் பேசும் மேடம். அதனால மிச்சத்த வார்த்தையில முழுசா சொல்லியாகணும். வருத்தமா இருக்குன்னா வருத்தமா இருக்குன்னு சொல்லுவேன். பக்கத்துல உக்காந்து சொல்லுவேன். அவங்க யோசிச்சுக் கண்டுபிடிக்கட்டும்னு விடமாட்டேன்" என்றேன். அவர் தலையாட்டினாரா என்று பார்க்கவில்லை. சொல்லும்போதே என் வலது உதடு சிரிப்பில் இழுத்துக்கொண்டது, அதை நான் அடக்கவும் இல்லை.

அடுத்த மாதம் சேர வேண்டும். வேலையை விடுகிறேன் என்று எழுதிக் கொடுத்தபோது மேனேஜர், இனிமேல் மயக்கம் வந்தால் உங்கள் ஆஸ்பத்திரி வாசலில் வந்துதான் விழ வேண்டும் என்றார். உன் அப்பா ஊரெல்லாம் சொல்லிவிட்டார். தண்ணீர் கேன் போடுகிறவர் நேற்று என்னிடம் முழங்கால் வலிக்கு மாத்திரை கேட்டார்.

இப்போது இன்னொரு விஷயம். இதை எழுதத்தான் இவ்வளவு சுற்றி வந்தேன் என்று நினைக்கிறேன்.

உன் பட்டமளிப்பு விழாவுக்கு எத்தனை பாஸ் வாங்குவது என்று அப்பாவிடம் கேட்டாயாம். வழக்கம்போல ஒன்று போதும் என்று சொன்னாராம். எல்லா வருஷமும் அப்படித்தானே. பள்ளியில் ஆண்டு விழா, பரிசு கொடுத்த நாள், கல்லூரியில் உன்னைச் சேர்த்த நாள், எல்லாவற்றுக்கும் அவர்தான் வந்தார்.

கட்டு பிரித்த புதிதில் ஒருநாள் உன்னைக் கூப்பிட உன் பள்ளி வாசலுக்கு வந்தேன். உன் சிநேகிதிகள் என்னைப் பார்த்தார்கள். நீ என் கையைப் பிடித்து வேகமாக நடந்தாய். திருப்பம் தாண்டியதும், "நாளைலேருந்து அப்பாவ அனுப்பும்மா" என்று தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னாய். உனக்கு அப்போது பன்னிரண்டு வயது. அந்த வயதில் யாராயிருந்தாலும் அப்படித்தான் சொல்லியிருப்பார்கள். உனக்காகத்தான் நான் வராமல் இருந்துவிட்டேன் என்று நீ நினைத்துக்கொண்டிருக்கிறாய், எனக்குத் தெரியும். பாதிதான் உனக்காக. மீதிப் பாதி நான் ஒளிந்துகொள்ள ஒரு சாக்கு. நீ சொன்னது எனக்கு வசதியாகப் போயிற்று. இதை நீ சுமக்க வேண்டியதில்லை, இறக்கி வை.

முடிந்தால் இரண்டு பாஸ் வாங்கு. கடைசி வரிசையானாலும் பரவாயில்லை, தூண் மறைத்தாலும் பரவாயில்லை, கழுத்தை நீட்டிப் பார்த்துக்கொள்வேன். உன்னை மேடையில் கூப்பிடும்போது கை தட்ட ஆள் போதாதென்று உன் அப்பா சொல்கிறார். அவர் ஒருவர் தட்டுவதே ஊருக்குக் கேட்கும் என்பது வேறு விஷயம்.

நீ நன்றாக இருப்பாய், எங்கே போனாலும் நிமிர்ந்து நிற்பாய். விழா முடிந்து எல்லாரும் வெளியே வரும்போது, உன் சிநேகிதிகள் நிற்கிற இடத்துக்கு என்னையும் ஒரு நிமிஷம் கூட்டிக்கொண்டு போ, கண்ணு. நீ ஒன்றும் விளக்க வேண்டாம். இது எங்க அம்மா என்று மட்டும் சொல், போதும்.

இப்படிக்கு,
உன் அம்மா